அளந்து செய்வோம் கப் கேக்

குழம்பில் உப்புக் குறைந்தால் என்ன செய்வோம்? கொஞ்சம் எடுத்துப் போடுவோம். புளி கூடினால்? வெல்லம் ஒரு துண்டு சேர்ப்போம். கொதிக்கும்போதே ருசி பார்ப்போம். இறக்கும் வரை திருத்திக்கொண்டே இருக்கலாம்.

கேக் அப்படி அல்ல. மாவைக் கலந்து அடுப்பில் வைத்தபின் ஒன்றும் செய்ய முடியாது. உள்ளே கை விட முடியாது. சோடா கூடிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. அதனால் கேக்குக்கு அளவு வேண்டும். கண் அளவு போதாது, கை அளவும் போதாது. எழுதி வைத்த அளவைப் படித்துச் செய்ய வேண்டும்.

இந்தப் பாடத்தில் சாக்லேட் கப் கேக் செய்வது எப்படி என்று படிப்போம். பிள்ளைகளின் பிறந்த நாளுக்கு வீட்டிலேயே செய்யலாம். முட்டை வேண்டாம். பால் வேண்டாம். மின்சார அடுப்பும் வேண்டாம்.

கேக் வந்த கதை

‘கப்’ என்றால் கோப்பை. சிறு கோப்பைகளில் மாவை ஊற்றிச் சுடுவதால் கப் கேக் என்று பெயர். ஆளுக்கு ஒன்று. கத்தி வேண்டாம். ‘அவளுக்குப் பெரிய துண்டு, எனக்குச் சின்னத் துண்டு’ என்ற சண்டையும் இல்லை.

கேக் நம் நாட்டுக்கு வெள்ளைக்காரர்களோடு வந்தது. கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்தில் கடலோரமாகத் தலச்சேரி என்ற ஊர் இருக்கிறது. அங்கே மம்பள்ளி பாபு என்பவர் 1880-இல் ஒரு பிஸ்கட் தொழிற்கூடம் தொடங்கினார். 1883-இல் மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்டக்காரர் அவரிடம் வந்தார். கையில் இங்கிலாந்துக் கேக் ஒன்று இருந்தது. ‘இதுபோல் கிறிஸ்துமஸுக்குச் செய்து தர முடியுமா?’ என்று கேட்டார். பாபு அதற்கு முன் கேக் செய்ததில்லை. ஆனாலும் உள்ளூரில் கிடைத்த பொருட்களை வைத்துச் செய்து கொடுத்தார். தலச்சேரிக்காரர்கள் இன்றும் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்கிறார்கள். இந்தியாவில் செய்த முதல் கிறிஸ்துமஸ் கேக் அதுதான் என்பார்கள்.

கேக்குக்குப் பேர்போன அந்த ஊரில் நடப்பதாக ஒரு கதை சொல்லி நம் பாடத்தைத் தொடங்குவோம்.

முதல் முயற்சி

ஒரு தாய். தையல் கடையில் வேலை செய்கிறார். கணவர் துறைமுகத்தில் சுமை தூக்குகிறார். மூத்த பையன் ஆறாம் வகுப்பு. சின்ன மகளுக்கு ஏழு வயது நிறையப் போகிறது.

“அம்மா, என் பிறந்த நாளுக்குச் சாக்லேட் கேக் வேண்டும். மேலே ஐசிங் இருக்க வேண்டும்” என்றாள் மகள்.

தாய் கடையில் விலை கேட்டார். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு வாங்கினால் இரண்டு நாள் கூலி போய்விடும் போலிருந்தது. சீட்டுப் பணத்தில் கை வைக்கலாமா என்று யோசித்தார். பிறகு, நாமே செய்து பார்க்கலாம் என்று முடிவு செய்தார்.

பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருந்தது. மைதா, சர்க்கரை, கொக்கோ எல்லாம் வாங்கினார். யாரோ சொல்லக் கேட்டதை நினைவில் வைத்துக் கலந்தார். ‘நன்றாக உப்பட்டும்’ என்று சமையல் சோடாவை ஒரு கரண்டி நிறைய அள்ளிப் போட்டார்.

கேக் பொங்கி எழுந்தது. பையன் கை தட்டினான். ஐந்து நிமிடத்தில் நடுவில் குழி விழுந்தது. எடுத்துத் தின்றால் சோப்பைக் கடித்ததுபோல் இருந்தது.

மகள் அழவில்லை. “கடையிலேயே வாங்கலாம் அம்மா” என்று மட்டும் சொன்னாள். தாய்க்கு அதுதான் வருத்தமாக இருந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு மூத்த பெண் இருந்தார். பல வருடம் பேக்கரியில் வேலை பார்த்தவர். கேரளத்தில் அக்காவைச் ‘சேச்சி’ என்பார்கள். தாய் அவரிடம் போனார்.

“சேச்சி, எங்கே தப்பு நடந்தது என்று தெரியவில்லை. பொங்கி வந்தது, பிறகு அமுங்கிவிட்டது.”

“சோடா எவ்வளவு போட்டாய் மோளே?”

“ஒரு கரண்டி.”

“எந்தக் கரண்டி?”

தாய் பதில் சொல்லவில்லை. சேச்சி சிரித்தார்.

“நீ தையல்காரி. ரவிக்கைத் துணியை அளவெடுக்காமல் வெட்டுவாயா?”

“அய்யோ, எப்படி வெட்டுவேன்? வெட்டிய துணியை ஒட்ட முடியுமா?”

“கேக்கும் அப்படித்தான். முதலில் அளவு. பிறகுதான் அடுப்பு. உன் தையல் நோட்டை எடுத்து வா. நான் சொல்லச் சொல்ல எழுது.”

தாய் மாலை நேரத் தொடர்கல்வி மையத்தில் படிக்கிறவர். எழுத்துக் கூட்டி எழுதுவார். அன்று சேச்சி சொன்ன அளவு முழுவதையும் தம் கையாலேயே எழுதினார். அவர் எழுதியதுதான் கீழே இருக்கிறது.

அளவுக் கருவிகள்

1 கப் என்றால் 240 மி.லி.
1 மேசைக்கரண்டி என்றால் 15 மி.லி.
1 தேக்கரண்டி என்றால் 5 மி.லி.

அளவுக் கரண்டி இல்லையா? இருமல் மருந்துப் பாட்டிலோடு வரும் சின்ன மூடியைப் பாருங்கள். அதில் 5 மி.லி., 10 மி.லி. என்று கோடு போட்டிருக்கும். அதை வெந்நீரில் நன்றாகக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தலாம்.

மாவைக் கப்பில் அழுத்தி நிரப்பக் கூடாது. சல்லடையில் சலித்து, கரண்டியால் மெல்ல அள்ளிப் போட வேண்டும். பிறகு கத்தியின் முதுகால் மேலே வழித்துவிட வேண்டும். அழுத்தி நிரப்பினால் மாவு கூடிப்போகும். கேக் கல்லாகிவிடும்.

தேவையான பொருட்கள் (6 கப் கேக்குக்கு)

மைதா – முக்கால் கப்
சர்க்கரை – அரை கப்
கொக்கோ பவுடர் – 2 மேசைக்கரண்டி
சமையல் சோடா – அரை தேக்கரண்டி
உப்பு – கால் தேக்கரண்டி
தண்ணீர் – அரை கப்
மணமில்லாத சமையல் எண்ணெய் – இரண்டரை மேசைக்கரண்டி
வினிகர் – ஒன்றரை தேக்கரண்டி
வெனிலா எசன்ஸ் – அரை தேக்கரண்டி

12 கேக் வேண்டுமானால் எல்லாவற்றையும் இரண்டு மடங்கு வாங்குங்கள். ஆனால் ஒரே தடவையில் கலக்காதீர்கள். 6 கேக்குக்குக் கலந்து சுடுங்கள். அது வெந்தபின் அடுத்த 6 கேக்குக்குக் கலக்குங்கள். ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பாக்கெட்டைப் படியுங்கள்

கடையில் பொருள் வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, பெயர். கொக்கோ பவுடரும் பாலில் கலந்து குடிக்கும் சாக்லேட் பவுடரும் ஒன்றல்ல. குடிக்கும் பவுடரில் சர்க்கரை சேர்ந்திருக்கும். அதைப் போட்டால் இனிப்புக் கூடும், சாக்லேட் ருசி குறையும். அதுபோலச் சமையல் சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றல்ல. சோடா தனியாக வேலை செய்யாது. அதற்கு ஒரு புளிப்பு வேண்டும். பேக்கிங் பவுடரில் சோடாவும் புளிப்பும் சேர்ந்தே இருக்கும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அதே அளவில் போடக் கூடாது.

இரண்டு, தேதி. எந்தத் தேதி வரை பயன்படுத்தலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். தேதி கடந்த பொருளை வாங்காதீர்கள். தேதி அழிந்திருந்தாலும் வாங்காதீர்கள்.

மூன்று, குறி. பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் அது சைவம். பழுப்புக் கட்டத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அது அசைவம். முட்டை சேர்த்த கேக்குக்கும் பழுப்புக் குறிதான் உண்டு. விருந்துக்கு முட்டை சாப்பிடாத பிள்ளைகள் வரலாம். இந்தக் குறி படிக்காதவர்களுக்கும் புரியும்.

நான்கு, ஒவ்வாத பொருள். சிலருக்கு நிலக்கடலை ஒவ்வாது. சிலருக்கு முந்திரி, பால், முட்டை, கோதுமை, சோயா ஒவ்வாது. இவை சேர்ந்திருந்தால் பாக்கெட்டில் சொல்ல வேண்டும் என்பது சட்டம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பாக்கெட்டில் இந்த விவரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்கும். தாய்மொழி மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் என்ன செய்வது?

நம் கதையில் வரும் தாய்க்கும் இதே சிக்கல் வந்தது. கேக் மேல் தூவ நிறம் நிறமான சாக்லேட் மணிகள் வாங்கியிருந்தார். விருந்துக்கு வரும் ஒரு பையனுக்கு நிலக்கடலை ஒவ்வாது. முன்பு ஒருமுறை கடலை மிட்டாய் தின்று உதடு வீங்கி, மூச்சு முட்டி, அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அது தாய்க்குத் தெரியும். மூத்த பையனைக் கூப்பிட்டு, “இதில் கடலை என்று போட்டிருக்கிறதா, படி” என்றார்.

பையன் பொடி எழுத்தை மெதுவாகக் கூட்டிப் படித்தான். கடைசி வரியில் ‘கன்டெய்ன்ஸ்’ என்று இருந்தது. அதன் பக்கத்தில் ‘பீனட்’ என்று இருந்தது. கன்டெய்ன்ஸ் என்றால் ‘இதில் உள்ளது’ என்று பொருள். பீனட் என்றால் நிலக்கடலை.

தாய் அந்தப் பாக்கெட்டைக் கட்டித் தனியே வைத்தார். “நமக்கு வேண்டாம். ஐசிங் மட்டும் போதும்” என்றார். பிறகு அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் பையனிடம் கேட்டு நோட்டில் வரைந்து வைத்துக்கொண்டார். அடுத்த முறை தாமே கண்டுபிடிக்கலாம் அல்லவா?

‘மே கன்டெய்ன்’ என்று இருந்தால் ‘கலந்திருக்கலாம்’ என்று பொருள். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அதுவும் வேண்டாம்.

அடுப்பைத் தயார் செய்தல்

அடி கனமான, அகன்ற பாத்திரம் ஒன்று எடுங்கள். அதற்குப் பொருந்தும் மூடியும் வேண்டும். பாத்திரத்தின் அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கல் உப்புப் பரப்புங்கள். உப்பின் மேல் சிறு கம்பி ஸ்டாண்டு வையுங்கள். மூடி போட்டு மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்குங்கள். இதற்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பிரஷர் குக்கரில் செய்தால் காஸ்கெட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். ஒட்டாத பூச்சு உள்ள பாத்திரம் இதற்கு ஆகாது. பயன்படுத்திய உப்பை எடுத்து வைத்தால் அடுத்த கேக்குக்கு உதவும். சமையலில் போட வேண்டாம்.

மின்சார அடுப்பு உள்ளவர்கள் 180 டிகிரி சூட்டில் 18 முதல் 20 நிமிடம் வைத்தால் போதும்.

செய்முறை

1. ஆறு சிறு எவர்சில்வர் கிண்ணங்களை எடுங்கள். உள்ளே எண்ணெய் தடவுங்கள். கொஞ்சம் மைதா தூவிக் கவிழ்த்துத் தட்டுங்கள். கேக் ஒட்டாமல் வரும்.

2. மைதா, கொக்கோ, சோடா, உப்பு நான்கையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். பிறகு சர்க்கரையைச் சேருங்கள்.

3. இன்னொரு பாத்திரத்தில் தண்ணீர், எண்ணெய், வெனிலா மூன்றையும் கலந்து வையுங்கள்.

4. பாத்திரம் சூடான பிறகுதான் அடுத்த வேலை. தண்ணீர்க் கலவையில் வினிகரை ஊற்றுங்கள். உடனே அதை மாவில் கொட்டிக் கலக்குங்கள். மாவு தெரியாமல் கலந்தால் போதும். சின்னக் கட்டிகள் இருந்தால் பரவாயில்லை. அதிகம் கலக்கினால் கேக் ரொட்டிபோல இறுகும்.

5. கிண்ணங்களில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் ஊற்றுங்கள். மீதி இடம் கேக் எழும்ப வேண்டிய இடம்.

6. கிண்ணங்களை ஸ்டாண்டின் மேல் வைத்து மூடுங்கள். தீயைக் குறைத்து வையுங்கள். முதல் 15 நிமிடம் மூடியைத் திறக்காதீர்கள்.

7. 20 நிமிடம் ஆனதும் ஒரு ஈர்க்குச்சியை நடுவில் குத்திப் பாருங்கள். மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. ஒட்டினால் இன்னும் 5 நிமிடம் வையுங்கள்.

8. இடுக்கியால் வெளியே எடுங்கள். 10 நிமிடம் கழித்து ஓரத்தில் கத்தி ஓட்டிக் கவிழ்த்து எடுங்கள்.

கேக் ஏன் உப்புகிறது?

சமையல் சோடாவும் வினிகரும் சேர்ந்தால் நுரை வரும். அந்த நுரையில் கரியமில வாயு இருக்கிறது. மாவுக்குள் சின்னச் சின்னக் குமிழாக அது நிறைகிறது. சூடு பட்டதும் குமிழ் விரிகிறது. கேக் எழும்புகிறது. அதே நேரம் மாவு வெந்து குமிழைச் சுற்றி இறுகுகிறது. அதனால் கேக் பஞ்சுபோல் நிற்கிறது.

வினிகரை ஊற்றிய நேரத்திலிருந்தே வாயு வெளியேறத் தொடங்கிவிடும். மாவைக் காத்திருக்க வைத்தால் வாயு போய்விடும். கேக் தட்டையாகிவிடும். 12 கேக்குக்கு ஒரே தடவையில் கலக்க வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.

மூடியை முன்பே திறந்தாலும் கெடும். மாவு இறுகுவதற்குள் சூடு குறைந்தால் நடு அமுங்கும். சோடா கூடினால் குமிழ் பெரிதாகி உடையும். வேலை செய்யாமல் மிஞ்சிய சோடா நாக்கில் சோப்புபோல் கைக்கும். தாயின் முதல் கேக் கெட்டது இப்படித்தான். காரணம் தெரிந்ததும் அவர் பயம் போயிற்று.

ஐசிங் செய்தல் (12 கேக்குக்கு)

ஐசிங் சர்க்கரை – 1 கப்
கொக்கோ பவுடர் – 2 மேசைக்கரண்டி
உருகிய வெண்ணெய் – 1 மேசைக்கரண்டி
வெந்நீர் – சுமார் 2 மேசைக்கரண்டி

ஐசிங் சர்க்கரை வீட்டிலேயே செய்யலாம். சாதாரணச் சர்க்கரையை ஈரமில்லாத மிக்சியில் மாவுபோல் அரையுங்கள். ஒரு கப்புக்கு ஒரு தேக்கரண்டி சோள மாவு சேர்த்தால் கட்டி பிடிக்காது. மெல்லிய சல்லடையில் சலியுங்கள்.

வெண்ணெயை மட்டும் அடித்துக் குவிக்கும் ஐசிங் நம் வெயிலுக்கு உருகி வழியும். இந்த ஐசிங் காய்ந்து படியும். கடலோர ஊரிலும் நிற்கும்.

சர்க்கரையையும் கொக்கோவையும் சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள். வெண்ணெய் சேருங்கள். வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். கரண்டியால் தூக்கி ஊற்றிப் பாருங்கள். விழுந்த கோடு, மெதுவாகப் பத்து எண்ணுவதற்குள் மறைய வேண்டும். உடனே மறைந்தால் நீர்த்துவிட்டது. சர்க்கரை சேருங்கள். மறையவே இல்லையென்றால் கெட்டி. சில துளி வெந்நீர் சேருங்கள்.

ஐசிங்கைக் குழம்புபோல் பார்த்துப் பார்த்துத் திருத்தலாம். ஆனால் ஒரு விதி உண்டு. கேக் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம் ஆறட்டும். சூடான கேக் மேல் ஐசிங் ஓடி வழிந்துவிடும்.

ஒவ்வொரு கேக் மேலும் ஒரு தேக்கரண்டி ஊற்றுங்கள். கரண்டியின் முதுகால் வட்டமாகப் பரப்புங்கள். காய விடுங்கள்.

பால் பொருள் ஒவ்வாதவர்களுக்கு வெண்ணெய்க்குப் பதில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும்.

கேக் மேல் எழுத்து

கருப்பு ஐசிங் மேல் வெள்ளையில் எழுதலாம். ஐசிங் சர்க்கரை 4 மேசைக்கரண்டி எடுங்கள். ஒரு தேக்கரண்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழையுங்கள். பட்டர் பேப்பரைக் கடலை மடிக்கும் கூம்புபோலச் சுற்றி, அதில் இதை நிரப்புங்கள். நுனியை ஊசி முனை அளவுக்கு வெட்டுங்கள். மேல் பக்கத்தை மடித்து அழுத்தினால் மெல்லிய கோடாக வரும்.

சேச்சி சொன்னார்: “பூப் போடு மோளே. ஐந்து புள்ளி வைத்தால் பூ.”

தாய் கொஞ்சம் யோசித்தார்.

“பூ வேண்டாம் சேச்சி. பிள்ளைகள் பேரில் முதல் எழுத்து போடுகிறேன்.”

“பன்னிரண்டு எழுத்து போட வேண்டுமே?”

“போடுகிறேன்.”

முதலில் தட்டில் எழுதிப் பழகினார். தையல்காரியின் கை நடுங்கவில்லை. மலையாள எழுத்துகள் வளைந்து வளைந்து போகும். கூம்பை நிறுத்தாமல் ஓட்டினால்தான் கோடு உடையாது. இரண்டு எழுத்து கோணியது. ஈர்க்குச்சியால் வழித்துவிட்டு மறுபடி எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். தட்டைப் பார்த்ததும் ‘என் எழுத்து எங்கே?’ என்று தேடினார்கள். நிலக்கடலை ஒவ்வாத பையன் கேக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, வழக்கம்போலத் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். “சாப்பிடு. இதில் என்னென்ன இருக்கிறது என்று அவர் எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்” என்றார் அந்த அம்மா.

மகள் தன் கேக்கை உடனே தின்னவில்லை. தோழியிடம் காட்டி, “இது எங்கள் அம்மா எழுதியது” என்றாள்.

விருந்தில் கவனம்

மெழுகுவத்தி ஒரு கேக்கில் மட்டும் போதும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். தலைமுடி, தாவணி, காகிதத் தொப்பி தீயருகே போகாமல் பார்க்க வேண்டும்.

டப்பாவில் வரும் நுரையைப் பிள்ளைகள் மேல் அடிக்கிறார்கள். அந்த நுரை தீப்பிடிக்கக் கூடியது. மெழுகுவத்தி எரியும் இடத்தில் அதை அடிக்கவே கூடாது.

கேக்கை அச்சடித்த செய்தித்தாளில் வைக்காதீர்கள். அச்சு மை உடம்புக்குக் கெடுதி. தட்டு போதாவிட்டால் வாழை இலைத் துண்டு நல்லது.

கெட்டியான மிட்டாய் மணிகள் சின்னக் குழந்தைகளின் தொண்டையில் அடைக்கும். அவற்றைத் தவிர்க்கலாம்.

ஒரு விஷயம் மறக்க வேண்டாம். இந்த 12 கேக்கில் சுமார் 350 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒன்றுக்கு ஏறக்குறைய 29 கிராம். ஒரு நாளில் நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் பெரியவர்களுக்கே நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. கேக் பிறந்த நாள் தின்பண்டம். தினமும் தின்னும் பண்டம் அல்ல.

கொக்கோ எங்கிருந்து வருகிறது?

கொக்கோ தென் அமெரிக்கக் காட்டு மரம். இன்று கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் பயிராகிறது. நிழலில் வளரும். அதனால் தென்னை, பாக்குத் தோட்டங்களில் ஊடுபயிராக நடுகிறார்கள். காய் மரத்தின் தண்டிலேயே காய்க்கும். உள்ளே வழவழப்பான சதையோடு விதைகள் இருக்கும். விதைகளைச் சில நாள் மூடிப் புளிக்க வைப்பார்கள். பிறகு காயவைத்து, வறுத்து, அரைப்பார்கள். அரைத்ததைப் பிழிந்தால் கொழுப்புத் தனியே வரும். அது கொக்கோ வெண்ணெய். மிஞ்சிய சக்கையைப் பொடித்தால் கொக்கோ பவுடர்.

கேம்ப்கோ என்ற விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் 1986-இல் கர்நாடகத்தில் புத்தூரில் சாக்லேட் தொழிற்சாலை திறந்தது. கொக்கோ விளைவித்தவர்களே சாக்லேட்டும் செய்யத் தொடங்கினார்கள்.

விற்க நினைத்தால்

கை பழகியபின் கேக் செய்து விற்கலாம். வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். முதலில் செலவுக் கணக்கு எழுதிப் பழகுங்கள். கீழே உள்ளது கணக்குப் போடும் முறை மட்டுமே. விலை ஊருக்கு ஊர் மாறும்.

மைதா – 10.00 ரூபாய்
சர்க்கரை – 17.50 ரூபாய்
கொக்கோ – 60.00 ரூபாய்
எண்ணெய் – 12.00 ரூபாய்
வெண்ணெய் – 9.00 ரூபாய்
சோடா, வினிகர், வெனிலா, உப்பு – 8.50 ரூபாய்
எரிவாயு – 15.00 ரூபாய்
மொத்தம் – 132.00 ரூபாய்

12 கேக்குக்கு 132 ரூபாய். ஒரு கேக்குக்கு 11 ரூபாய். இதில் உங்கள் உழைப்புக்கு ஒரு பைசாவும் சேரவில்லை. விற்கும்போது உழைப்புக்கும் கூலி எழுத வேண்டும். தம் உழைப்பைக் கணக்கில் எழுதாமல் விற்பவர்களுக்கு லாபம் வந்ததா, நட்டம் வந்ததா என்றே தெரியாமல் போகும்.

நினைவில் கொள்வோம்

பாக்கெட்டைப் படித்து வாங்குவோம்.
அளந்து கலப்போம்.
வினிகர் ஊற்றியதும் தாமதிக்க மாட்டோம்.
15 நிமிடத்துக்கு முன் மூடியைத் திறக்க மாட்டோம்.
ஆறிய பிறகே ஐசிங் போடுவோம்.
விருந்துக்கு வரும் பிள்ளைக்கு எது ஒவ்வாது என்று முன்பே கேட்போம்.

பயிற்சி

அ. விடை சொல்லுங்கள்
1. தாய் முதலில் செய்த கேக் ஏன் அமுங்கியது?
2. சமையல் சோடாவுக்கும் பேக்கிங் பவுடருக்கும் என்ன வேறுபாடு?
3. தாய் சாக்லேட் மணிகளை ஏன் தனியே வைத்தார்?
4. கேக்கைச் செய்தித்தாளில் ஏன் வைக்கக் கூடாது?

ஆ. கணக்குப் போடுங்கள்
1. 6 கேக்குக்கு முக்கால் கப் மைதா. 18 கேக்குக்கு எவ்வளவு?
2. 6 கேக்குக்கு ஒன்றரை தேக்கரண்டி வினிகர். 12 கேக்குக்கு எத்தனை தேக்கரண்டி? அது எத்தனை மி.லி.?
3. 132 ரூபாய்ச் செலவோடு உழைப்புக் கூலி 120 ரூபாய் சேர்த்தால், ஒரு கேக்கின் விலை என்ன?

இ. செய்து பாருங்கள்
1. வீட்டில் உள்ள ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுங்கள். தேதி, குறி, ‘கன்டெய்ன்ஸ்’ என்ற சொல் மூன்றையும் கண்டுபிடியுங்கள்.
2. உங்கள் வீட்டில் எல்லோரும் விரும்பும் ஒரு பலகாரத்தின் அளவையும் செய்முறையையும் நோட்டில் எழுதுங்கள். அதைப் படித்து வேறொருவர் செய்ய முடிகிறதா என்று பாருங்கள்.